மாமா சம்ப் கழற்றிய நாள்

எனக்கு அப்போது எட்டு வயது; வயதுக்கு மிஞ்சிய வாய். அந்த வாயைத் திறக்க வேண்டிய ஒரே விஷயத்தில் மட்டும் இரண்டு மாதமாக மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் தோடுகளில் ஒன்றைத் திருட்டுத்தனமாக எடுத்து, திருகாணி மாட்டத் தெரியாமல் காதில் சும்மா செருகியிருந்தேன். வேனுக்கு ஒயில் ஊற்ற அப்பா மூடியைத் திறந்து வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். தோடு எஞ்சினுக்குள் விழுந்துவிட்டது. அன்று எங்கள் பதுளை வீட்டுக்கு வந்து போனவர் அப்பாவின் தங்கையான அத்தை. தோட்டைக் காணாமல் அம்மா வீடெல்லாம் தேடினார். மறுமுறை அத்தை வந்தபோது அம்மா அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

வெலிமடைக்கு லீக்ஸ் மரக்கறி ஏற்றப் போன வேன் கல்லில் இடித்து, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்ப் ஒழுக ஆரம்பித்தது. பழுது பார்க்க அத்தையின் கணவர், தேயிலை ஃபெக்டரி மெக்கானிக்கான மாமா, தனியாக வந்தார். நான் வேன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

மாமா ஒயிலை வடித்தார். போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றி, மூலைக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். சம்ப் அசையவில்லை. அப்பா ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தார்.

"நெம்பாதீங்க மச்சான். விளிம்பு வளைஞ்சா அப்புறம் என்ன ஒட்டினாலும் ஒழுகும்."

"அப்ப தடவிக் குடுங்க மாப்ள, தானா வரும்," என்று சொல்லிவிட்டு அப்பா கடைக்குப் போனார்.

மாமா உண்மையிலேயே தடவித்தான் கொடுத்தார். மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு இழுத்தார், மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டினார். மிச்ச போல்ட்டுகளையும் கழற்றியதும் சம்ப் கைக்கு வந்தது. அடியில் இருந்த கறுப்பு மண்டியை வழித்தவரின் விரல் அப்படியே நின்றது.

"பாப்பா, இது எப்படி இங்க?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கண் கலங்கியது. ஒயில் பட்டுவிட்டதாக்கும் என்று துணி எடுத்துக் கொடுத்தேன். "அத்தைய கூட்டிட்டு வர்றேன். அம்மாகிட்ட நீயே சொல்லணும்," என்றவர், கழற்றியதை எல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினார்.

சாயங்காலம் அத்தையோடு வந்தார். சொன்னேன். அம்மா அழுது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அத்தை என்றால் உயிர், மடியில் ஏறிக்கொண்டேன். என் தலையைத் தடவிக் கொடுத்த அத்தையின் பார்வை, வாசலில் நின்ற மாமா மேலேயே இருந்தது.

"இப்பவாவது நம்புறீங்களா?"

சந்தேகப்பட்டது அம்மா. அத்தை ஏன் அதை மாமாவிடம் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.