பொழுது சாய்ந்து திறக்கும் பங்க்

எல் பாசோவில் அலமேதா சாலையோரம் பெட்ரோல் பங்க் நடத்தும் மாரிசேலாவுக்கு அந்த மே மாதக் கடைசியில் தூக்கம் போயிற்று. வெகுகாலம் அதே பங்க்கின் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். முதலாளி விலகியதும் தானே குத்தகைக்கு எடுத்தாள். அவளைப் பற்றி யார் கேட்டாலும் அண்ணன் எலிசேயோ, "தங்கச்சி கையில இருக்கிற பம்ப்ல ஒரு சொட்டு கீழ சிந்தாது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

அப்படிப்பட்டவள் ஏப்ரலில் ஒரு தப்பு செய்துவிட்டாள். குளிர்காலப் பெட்ரோலை டிப்போக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிடும் சமயம் அது. ஒரு லாரி நிறைய வாங்கி நிலத்தடித் தொட்டியை நிரப்பினாள். மறுவாரமே வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டார்கள். வண்டி வரத்து வெகுவாகக் குறைந்தது. ஜூன் பிறந்துவிட்டால் சட்டப்படி கோடைப் பெட்ரோல்தான் விற்க வேண்டும். குளிர்காலச் சரக்கு சூட்டில் சட்டென்று ஆவியாகும். அந்த ஆவி பகல் வெயிலில் ஓசோனாக மாறி ஊரின் மூச்சை அடைக்கும். மீந்ததன் மேலேயே புதியதை ஊற்றினால் சோதனையில் பிடிபட்டு, பங்க்கே கைவிட்டுப் போகலாம்.

எலிசேயோ காலைதோறும் அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கி, நனைந்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். சட்டைப்பையில் ஆஸ்துமா மருந்து எப்போதும் இருக்கும்.

"இன்னும் முழங்கால் அளவு கெடக்கு, செலா. வெலையக் கொறச்சுப் பகல்லயே வித்துத் தீத்துடு."

"இன்னைக்கு ஓசோன் எச்சரிக்கை போட்டிருக்காங்கண்ணா. வெயில்ல பெட்ரோல் ஊத்தக் கூடாது. நீ மொதல்ல உள்ள போய் உக்காரு."

பெட்ரோல் லாரி ஓட்டும் ரெய்முந்தோ போன் செய்தான். "செவ்வாக்கெழம வர்றேன்க்கா. மேலயே ஊத்திடலாம். யாரு மோந்து பாக்கப் போறா?"

"எங்க அண்ணன் நெஞ்சு மோந்து பாக்கும்டா."

கதவோரம் நின்றிருந்த எலிசேயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்றே அவள், பகலில் விற்பனை இல்லை என்று காட்ட, பம்ப் முனைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் பை மாட்டினாள். வாசலில் அட்டை தொங்கியது: 'பொழுது சாய்ந்தபின் வாருங்கள். விலை குறைவு.' தங்கைக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று எலிசேயோ பயந்தார்.

சாயங்காலம் முதலில் வந்தவர்கள் சாலையைத் தோண்டியவர்களேதான். வேலை முடிந்து, புழுதியோடு, ஒவ்வொருவரும் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின்னால் தன் வண்டியில் அதே தெருக் கிழவர் ஃபிதென்சியோ.

"பகல்ல மூடி இருட்டுனா தொறக்குற கடைன்னதும் சாராயக்கடைன்னு நெனச்சு ஆசையா வந்தேம்மா!"

"குடிக்கிறது உங்க வண்டி மட்டுந்தான் தாத்தா. நீங்க தள்ளி நில்லுங்க."

தெருவே சிரித்தது. அடுத்த நாள்களில் வரிசை முனைவரை நீண்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் எலிசேயோ கோலை இழுத்தார். நுனி மட்டும்தான் ஈரம். இன்னொரு முறையும் இறக்கிப் பார்த்த பிறகே ரெய்முந்தோவைக் குழாய் மாட்ட விட்டார்.

சோதனைக்காரர் ஜூனில் வந்து, ஆவி போகாமலிருக்கப் பெட்ரோல் மாதிரிப் புட்டியை ஐஸில் புதைத்து எடுத்துப் போனார். சரக்கு சரியாக இருக்கிறது என்று தகவல் வந்த அன்று எச்சரிக்கை எதுவும் இல்லை. மாரிசேலா ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வாசல் நிழலில் போட்டாள்.

"வாண்ணா. இன்னைக்கு வெளில உக்காரு."