ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம்

தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறைக்குச் சரக்கு எடுக்கிற பார்ட்டி வருகிறது என்றால் சந்துக்கே தெரிந்துவிடும். முந்தின நாளே வெட்டுத்துண்டுகள் மூட்டையாகிப் பின்பக்கம் போகும். பசை டப்பாக்கள் சாக்குக்கு அடியில் ஒளியும். தையல் மெஷின்களைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார்கள். வாங்க வந்த பார்ட்டி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையாட்டி, டீ குடித்துவிட்டுப் போகும். மறுநாள் எல்லாம் பழையபடி. இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது, தொழில் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் தன் உடம்பையும் இப்படித்தான் நடத்தினார். வருடா வருடம் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் மனிதர் ஆசையெல்லாம் துறந்த மகான் மாதிரி, பெரிய அவ்லியா ஆகிவிடுவார். சிகரெட் இல்லை, பிரியாணி இல்லை, காலையில் சுனாபட்டி வரை நடை. ரிப்போர்ட்டில் நார்மல் என்று பார்த்த கையோடு ஒரு சிகரெட் எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய அண்ணன், நாங்கள் காக்கா என்போம், அவருக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்தான். பட்டறையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அங்கேயே உயிர் போய் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு இவர் பலமாக இருமினால்கூட எனக்குப் பயம் வந்துவிடும். காட்டிக்கொள்ள மாட்டேன். ஏதாவது சொல்லித் திட்டிவிடுவேன்.

போன மழைக்காலம் முடிந்ததும், இதயநோய் ஆராய்ச்சி என்று சொல்லி ஜமாஅத் ஹாலில் ரத்தம் எடுக்க ஒரு குழு வந்தது. ரத்தம் எடுத்த டாக்டர் செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஆரம்பித்துப் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவாள். நான்தான் இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒரு வாரம் பத்தியம் இருந்துட்டுத்தான் வந்திருக்கேன், டாக்டரம்மா" என்றார் பெருமையாக.

அவள் சிரித்தாள். "இது வேற டெஸ்ட், அங்கிள். ரத்தத்துல ஆன்டிபாடின்னு ஒண்ணு இருக்குல்ல, கோவிட் டைம்ல கேட்டிருப்பீங்க. நோயை எதிர்க்கிற புரதம். அது மேல குட்டிக் குட்டியா சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். டயாபடீஸ் சர்க்கரை இல்ல, வோ அலக் ஹை, அது வேற. உடம்புக்குள்ள வெளிய தெரியாம அழற்சி இருந்துட்டே இருந்தா, அந்தச் சங்கிலியோட நுனி குறைஞ்சு போகும். அப்படி இருக்கிறவங்களுக்கு ஹார்ட் பிராப்ளம் ஜாஸ்தி வருதான்னு பாக்கறோம்."

"ஒரு வாரத்துல அது சரியாயிராதா?"

"ஒரு வாரத்துல ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்கா உள்ள எப்படி இருந்துச்சோ, அதுதான் தெரியும்."

அவர் முகம் மாறிவிட்டது. பார்ட்டி சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கக் கதவு வழியாக வந்து நின்றது போல இருந்திருக்கும், பாவம்.

"ரிப்போர்ட் எப்ப வரும்?"

"வராது, அங்கிள். இது ரிசர்ச்தான். இதை வெச்சு ஒருத்தருக்கு வைத்தியம் சொல்ற அளவுக்கு இன்னும் வரல."

வேறு யாராவது என்றால் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். இவருக்கு அது முடியவில்லை. தன்னைப் பற்றித் தனக்கே சொல்லாத ஒன்று எங்கோ ஒரு லேபில் தெரிந்துவிடப்போகிறது என்பது அவரை என்னவோ செய்தது. ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "டாக்டரம்மா, மாடிப்படி ஏறுனா நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாரி இருக்கு. நின்னா போயிருது. ஒரு வருசமா இருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். இப்போதே போகச் சொன்னாள்.

டாக்ஸியில் ஏறியதும் கேட்டேன். "ஒரு வருசமா பக்கத்துலதான படுத்துக் கெடக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலயா?"

"நீ பயந்துருவேன்னுதான்."

"எப்பமும் பயந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் என்னைப் பார்க்காமல் சயான் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டார், ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

ஆஞ்சியோ செய்து, அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். வேண்டாம் சார், சொல்லாதீங்க என்றுவிட்டேன்.

இப்போது மனிதர் ஒன்றுவிடாமல் சொல்கிறார். ஏப்பம் வந்தாலும் சொல்கிறார், முதுகு பிடித்தாலும் சொல்கிறார். இன்று காலையும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "ஏளா, இடது தோள் லேசா வலிக்கு. மெஷின்ல குனிஞ்சு இருந்ததா இருக்கும். இருந்தாலும் சொல்லுதேன்."

எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை கேட்கிறேன்.