இனாமாக வந்த பயணப் பை

'வயது பதினெட்டு முதல் இருபத்தைந்து. அடிக்கடி வெளிநாடு பறக்கும் சாகசப் பிரியர்' என்று பரிசுச் செயலி ஒன்று வர்ணித்த வாடிக்கையாளர், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சா. வயது ஐம்பத்தெட்டு. மச்சினனைப் பார்க்கத் தாணே போவதே அவருக்குப் பெரும் பயணம்.

இணையத்தில் பயணப் பை இனாம் என்கிறார்களே, நிஜமாகவே வருமா என்று பார்த்துவிட வேண்டும் அவருக்கு. செயலி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கொடுத்தார். அதன் பலனாக, கடன் வேண்டுமா என்று நாள் முழுக்க யார் யாரோ போன் செய்தார்கள்.

"ஃபுகட்ல, சும்மா யாரு வாப்பா குடுப்பா?" என்றாள் மகள் சஃப்ரீன். "பேக் வரலைன்னா அந்த ஆப்பை நான் தூக்கிருவேன்."

"வந்துட்டா?"

"வந்தா நானும் அந்த ஆப்ல சேர்ந்து ஆடுதேன்."

பை வந்தேவிட்டது. 'இத்தாலியக் கைவண்ணம்' என்றது அட்டை. கரீம் பாட்சா ஜிப்பைத் திறந்து ஓரத்தைத் தடவினார். ஜிப்பின் நுனியை உள்ளே மடித்துக் குறுக்கே இரண்டு தையல் போடுவது அவர் பட்டறையின் வழக்கம். வேறு யாரும் அதற்கு நூலை வீணாக்குவதில்லை.

"என்ன வாப்பா, டூப்ளிகேட்டா?"

"அசல்தாம்மா. நம்ம சரக்கு."

"அப்ப ஜெயிச்சியளா, தோத்தியளா?"

அவர் பைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். பிறகு செயலியைத் தானே அழித்தார்.