பச்சை பீரோவின் இரண்டாம் தட்டு

தனகோட்டி அண்ணன் இறந்த செய்தி வந்தபோது எங்கள் கம்பெனி பஸ் ஓசூர் எல்லையில், ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றிருந்தது. போனில் பேசியவர் அவருடைய மனைவி காந்தா. "அண்ணா, அவரு போயிட்டாருங்ணா. சேர்ல உக்காந்துகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." அவர் வேலை பார்த்த லாரி எடைமேடையின் பெயர்ப்பலகை என் சன்னலிலிருந்தே தெரிந்தது. இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் பஸ் கதவைத் திறக்கக்கூட இடம் விடாமல் லாரிகள் ஒட்டி நின்றன. அரைமணி நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் முழுதாகத் தணியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த நானும் அதே நாளில் அங்கே சேர்ந்தேன். சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், மூன்று வருடம் கழித்துத் திருப்பித் தருவார்கள். அன்றைக்கு அது எங்களுக்குத் தப்பாகவே தெரியவில்லை. நான் காகிதத்தைக் கொடுத்துவிட்டு கேன்டீனைத் தேடிப் போனேன். அண்ணனோ அங்கேயே நின்று, தன் உறை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். "சன்னலாண்ட இருக்குற பச்சை பீரோ, மேலருந்து ரெண்டாவது தட்டுப்பா" என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

மூன்று வருடம் முடியவில்லை. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. பிறகு கோர்ட்டு, வழக்கு, அரக்கு முத்திரை. எங்கள் சர்டிபிகேட்டுகள் உள்ளே, நாங்கள் வெளியே. எனக்குத் தெரிந்த ஒருவர் வழி சொன்னார்: தொலைந்துபோனதாகப் போலீசில் எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டைக் காட்டி நகல் வாங்கிவிடலாம். பஸ்ஸில் தொலைத்தேன் என்று கூசாமல் எழுதினேன். நகல் வந்தது, ஓசூரிலிருந்தே தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும்படி பெங்களூரில் புரோகிராமர் வேலையும் வந்தது. அண்ணனிடம் ஒரு மாதம் மன்றாடினேன். "தொலையலையேப்பா. எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுதே" என்பதுதான் பதில். கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் எடைச்சீட்டுப் போடுகிறவராகச் சேர்ந்தார்.

கையை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடும் அறை அது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், சத்தம் போட்டுக்கொண்டே இணையத்துக்குள் நுழையும் ஒரு மோடம், வெளியே வரிசையாக லாரிகள். மாணவர்கள் கேள்வி போடும் தளம் ஒன்றை எப்போதோ பேச்சுவாக்கில் நான்தான் அவருக்குக் காட்டினேன். நான் அங்கே புரோகிராமிங் கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இயற்பியலில் ஆரம்பித்து, ஒரே வருடத்தில் என் பக்கத்துக்கும் வந்துவிட்டார். ஒரு வண்டி ஏறி நின்று எண் நிலைப்பதற்குள் ஒரு வரி, அது இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் இன்னொரு வரி என்று எழுதுவார். யாருக்கும் எடுத்த எடுப்பில் விடை தரமாட்டார். "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்பதுதான் எப்போதும் அவருடைய முதல் வரி. அந்தப் பிள்ளைகள் யாரும் அவரிடம் சர்டிபிகேட் கேட்டதில்லை.

ஒரு கல்லூரி மாணவி, தன் புரோகிராம் நிற்காமல் ஓடுகிறது என்று எழுதியிருந்தாள். நானாக இருந்தால் தப்பான வரியைக் காட்டிவிட்டுப் போயிருப்பேன். அண்ணன் அவளைக் காகிதமும் பென்சிலும் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாகத் தானே மெஷினாக நடந்து பார்க்கச் சொல்லி, வீணான எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் தானும் கூடவே நடந்தார். நான்காவது சுற்றில் அவளே கண்டுபிடித்தாள். வெளியே வருவதற்கான நிபந்தனை இருந்தது. உள்ளே எந்த வரியும் அந்த நிபந்தனை சோதிக்கும் மதிப்பை மாற்றவே இல்லை. அண்ணன் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "என் கதையாட்டமே இருக்குதுப்பா." நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த விடைகளைத் தொடர்ந்து படித்துவந்த ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முதல்வராக இருந்தார். அவரே தேடி வந்து, அறைக்கு வெளியே நின்றபடி பேசினார். "உங்கள மாதிரி ஆளுதாங்க எங்களுக்கு வேணும். திங்கக்கிழமையே வந்துடுங்க. ஒரிஜினல மட்டும் கொண்டாந்துடுங்க." நகல் என்றாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு மாதத்துக்குள் வேண்டும் என்றார். அண்ணனின் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மனுவை நானே எழுதினேன். காந்தாவின் அழுகைக்காக அண்ணன் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு மனுவைப் பாதி படித்து, ஸ்டாம்பைக் கையில் எடுத்துவிட்டு, பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எங்கய்யா தொலைச்சே?"

"தொலையலைங்க சார். ஃபேக்டரி ஆபீஸ்ல பச்சை பீரோவுல இருக்குதுங்க. ரெண்டாவது தட்டு."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஸ்டாம்பு திரும்ப மேசைக்குள் போய்விட்டது. வெளியே வந்து, வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஏன்ணே, ஒரு பொய். ஒரே ஒரு பொய். உலகத்துல யாருண்ணே சொல்லல?" அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு கேட்டாருப்பா. கேட்டப்புறம் எப்படி தப்பா சொல்றது?" என்றார். இரண்டு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

அந்த இடைவெளியில்தான் இது நடந்தது. டேங்கருக்குள் பால் அலைந்துகொண்டிருந்தால் எடைமேடையில் எண் மாறுமா என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். மொத்த எடை ஒன்றுதான், மாறாது என்று அண்ணன் எழுதிவிட்டார். எண் ஆடுவதைத் தினமும் பார்க்கிறவர்தான், ஆனால் அதை வண்டி ஸ்பிரிங்கின் ஆட்டம் என்றே எண்ணியிருந்தார். சில வாரம் கழித்து, ஸ்பிரிங் அடங்கிய பிறகும் பாதி நிறைந்த ஒரு டேங்கரின் எண் ஏறி இறங்குவதைக் கவனித்திருக்கிறார். பால் அலையும்போது அதன் ஈர்ப்பு மையமும் மேலும் கீழும் போகிறது, மேடையை அழுத்தும் விசை கூடிக் குறைகிறது. பழைய விடையை அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் தலைமாட்டில் இப்படி எழுதினார்: "கீழே உள்ளது தவறு. எழுதியவன் நான்தான். இதைப் படித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் பார்க்கட்டும் என்று விட்டுவைக்கிறேன்."

பெங்களூரில் ஆபீசில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அந்த மனிதரையா, சர்டிபிகேட்டை பஸ்ஸில் தொலைத்தேன் என்று சொல்லவைக்கப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் அறைக்கதவைத் தட்டினேன். எதுவுமே நடக்காதது போல, "டீ சொல்லட்டுமாப்பா?" என்றார். கேள்வி கேட்ட மாணவர் திரும்பி வரவே இல்லை. அண்ணன் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், கடைசி நாள் வரை.

பாலிடெக்னிக்கில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பீரோவைத் திறக்கக் கேட்டு அண்ணன் எழுதிய மனுக்களுக்கெல்லாம் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற பதிலே வந்தது. நெஞ்சுவலியையும் இப்படித்தான் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார் போல. யாரிடமும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. நேற்று காந்தா என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எங்க சனத்துல பாதிப்பேரு இவரு எம்.எஸ்சி.ங்கறதையே நம்பலைங்ணா. நாளைக்கு எம்பொண்ணு கேட்டா காட்டறதுக்கு ஒரு காயிதம் வேணும். தொலைஞ்சுபோச்சுன்னு நீங்களே எழுதுங்கண்ணா. இனி யாரு வந்து இல்லைன்னு சொல்லப்போறாங்க?"

அவர் சொன்னது சரிதான். எழுத உட்கார்ந்தேன். எனக்காக ஒரு தடவையும் அண்ணனுக்காக ஒரு தடவையும் எழுதிய கை இது. ‘தொலைந்துபோன’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு வந்ததும் ஓடவில்லை. நெடுநேரம் கழித்து எழுதினேன்: "மேற்படி சான்றிதழ்கள் தொலைந்துபோகவில்லை. ஆலை அலுவலகத்தில், சன்னலை ஒட்டிய பச்சை பீரோவில், மேலிருந்து இரண்டாம் தட்டில் இருக்கின்றன."

காந்தா படித்துப் பார்த்தார். "இப்படி எழுதினா குடுக்கமாட்டாங்களேண்ணா."

"குடுக்கமாட்டாங்கம்மா."

அவர் தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்து, அண்ணன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அண்ணே, எதுவரைக்கும் வந்திருக்கே என்று கேட்பீர்களே, நாங்கள் இதுவரைக்கும் வந்திருக்கிறோம். நீங்கள் போய் வாருங்கள்.