தண்ணீர் மேல் போட்ட பழி

என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எலக்ட்ரீஷியன். தையல் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டில் ஐசி என்கிற சிப் கெட்டுப்போனால் அதைக் கழற்ற நானே ஒரு கருவி செய்து வைத்திருந்தேன். தடித்த செம்புக் கம்பியை ஐசியின் அளவுக்குச் சதுரமாக வளைத்து, மிச்சக் கம்பியைச் சால்டரிங் அயர்ன் முனையில் சுற்றிவிட்டால் போதும். சூடேறியதும் ஐசியைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் எல்லாக் கால்களிலும் ஈயம் ஒரே நேரத்தில் இளகும். இடுக்கியால் அப்படியே தூக்கிவிடலாம். வீட்டில் பழைய டிவி போர்டுகளில் பழகி, கம்பெனியிலும் நாலைந்து மெஷினைப் பிழைக்க வைத்தேன். எல்லோரும் டாக்டரு என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அது கிண்டலாகவே படவில்லை.

ஒரு மே மாதம் மூன்றாவது லைனில் ஒரு மெஷின் நின்றது. அதில் தைத்தவள் ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண். ஹெல்பராகச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் தோலில் தைத்துத் தைத்தே மெஷினுக்கு வந்தவள். போர்டைச் சென்னைக்கு அனுப்பலாம் என்றார் சூப்பர்வைசர். நான்தான், எதற்கு சார், அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன்.

அந்த ஐசி கொஞ்சம் பெரியது. என் சதுரம் ஒரு மூலையில் உட்காரவில்லை. அது எனக்குத் தெரிந்தது. வேறு கம்பி வளைக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சூப்பர்வைசர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கௌரவம் விடவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இளகாத மூலையோடு சேர்த்துத் தூக்கினேன். முடி போல மெல்லிய செம்புக் கோடுகளும் போர்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டன. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. இனிச் சென்னைக்கு அனுப்பியும் பயனில்லை.

"இன்னாச்சுப்பா?" என்றார்.

"தண்ணி எறங்கியிருக்கு சார்."

மெஷின் பலகையில் அவள் தண்ணீர் பாட்டில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வைக்கக் கூடாதுதான். அந்த வெயிலுக்கு எல்லோரும் வைத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாளே அவளை நூல் வெட்டும் மேசைக்கு, பழையபடி ஹெல்பராக அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை ஆபீஸ் கதவுவரை போனேன். வேலை போய்விடுமே என்று திரும்பி வந்தேன். இல்லை, இதுவும் பொய். வேலையெல்லாம் போயிருக்காது. டாக்டர் பட்டம்தான் போயிருக்கும்.

ஒரு வாரம் கழித்து டீ நேரத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அன்னிக்கு பாட்டில் மூடிய சரியா மூடாம உட்டுட்டேன் போலண்ணா. என்னால உங்களுக்கும் பேஜாரு. மன்னிச்சிக்குங்க."

பரவாயில்லைம்மா, இனிமேலாவது பார்த்து இரு என்று சொல்லி, அவளை மன்னித்து அனுப்பினேன்.