வெள்ளைச் சுவரில் ஏறிய பாசி

நிரஞ்சலா கிரீஸ் நாட்டுச் சாண்டோரினித் தீவில் சில வருடம் விடுதிக் கக்கூஸ் கழுவினாள். அந்தத் தீவைப் பற்றி எங்கள் மலையூர் அப்புத்தளையில் அவளளவுக்குத் தெரிந்தவர் இல்லை. அவளளவுக்கு வெறுத்தவரும் இல்லை.

"எரிமல வெடிச்சு மிஞ்சின கல்லு அது," என்பாள். "பாதி வருசம் மழையே கெடையாது. காத்துக்குப் பயந்து திராட்சக் கொடிய ஒரு கூடை மாதிரி சுத்தி, தரையோட தரையா வளக்குறாங்க. ஏழைங்க மலையக் கொடஞ்சு இருந்த பொந்துல இப்ப பணக்காரங்க படுத்துக் கெடக்குறாங்க."

இதை யாரோ பதுளைக்கார ரஜீவின் காதில் போட்டுவிட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்தை, ஒட்டி ஒட்டி நிற்கும் தகரக்கூரை வீடுகளை, குத்தகைக்கு எடுத்து 'குட்டி கிரீஸ்' என்று விடுதி நடத்தக் கிளம்பியிருந்தான் அவன். கடைசி வீட்டில் நிரஞ்சலாவின் அம்மா ரெங்கம்மா இருந்தாள். கொழுந்து பறித்து ஓய்ந்தவள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு தங்கும். இங்கே அப்படி யாரும் இல்லை.

"அந்த ஊரு மாதிரியே ஆக்கிக் குடுங்க. அம்மா கடைசி வரைக்கும் இங்கயே இருக்கட்டும்," என்றான் ரஜீவ்.

அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். சுவரெல்லாம் சுண்ணாம்பு, கதவெல்லாம் நீலம். "இங்க ஓயாத மழைங்க, வெள்ளையடிச்சது நிக்காது," என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவனுக்குப் படத்தில் பார்த்த வெள்ளைதான் வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் சுவரில் பாசி ஏறியது, பிறகு கறுத்தது. ஈரச்சாக்கு நாற்றம். மேல் லயத்திலிருந்து அந்தப் பக்கம் இறங்கினாலே நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அதைவிட நாறியது ரஜீவ் கண்டுபிடித்த வழி. குடியிருப்பதற்குக் கூலியாக ரெங்கம்மா தினமும் சுவரைத் தேய்க்க வேண்டுமாம். பதுளையில் கடை வேலைக்குப் போயிருந்த மகளிடம் அவள் இதைச் சொல்லவில்லை. த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

ஒருநாள் காலையில் சொல்லாமல் வந்த நிரஞ்சலா பார்த்தாள். அம்மா ஈரத்தில் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சலா பிரஷைப் பிடுங்கினாள்.

"எந்திரிங்கம்மா. போவோம்."

"எங்க?"

ரெங்கம்மா பிரஷைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"படம் நல்லா விழுந்துச்சான்னு கேளு புள்ள. இல்லன்னா இன்னொருக்கா தேய்க்கிறேன்."