திட்டாத பயிற்சியாளர்

பயிற்சியாளர் திட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. ஊர் ஊராக, குழு குழுவாகக் கூடைப்பந்து ஆடிப் பிழைத்த எனக்கு இது அத்துப்படி. தோளில் கை வைத்து, "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். முந்திய குழுக்கள் எல்லாம் என்னை அப்படி அன்பாகத்தான் அனுப்பிவைத்தன.

மொன்றியல் குழுவில் சேர்ந்த அந்தக் குளிர்காலத்தில், பயிற்சியாளர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நிம்மதியாக இருந்தேன். சென்ட் லோரன்டில் வாடகை வீடு. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரி ஒன்றில், வந்ததிலிருந்து மனைவி காத்திருந்த இடம் கடைசியில் மகளுக்குக் கிடைத்திருந்தது. அந்தக் கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். மகள் அங்கே போனால் மனைவி பிரெஞ்சு வகுப்புக்குப் போகலாம். ஊர் மாறி மாறி அவள் எதையும் தொடங்கியதே இல்லை.

அப்போதுதான் புதியவன் வந்தான். நான் ஆடும் அதே இடத்துக்கு, என்னைவிட இளையவன். மெட்ரோ கிட்டவா, வீடு வசதியா என்று என்னிடமே விசாரித்தான். என் வீட்டுக்கே குடிவரப் பார்க்கிறானோ என்று எரிச்சல் வந்தது. அன்றைய பயிற்சியில் நான் பந்தைக் கோட்டைவிட்டேன். பயிற்சியாளர் திட்டவில்லை. "பரவாயில்லை" என்றார். கணுக்காலுக்குப் பட்டி சுற்றுகிறவர்கூட வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றுவதாகப் பட்டது. எல்லோருக்கும் விஷயம் தெரியும், என்னிடம்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். போகும்போது பயிற்சியாளர், நாளை காலை அறைக்கு வா என்றார்.

வீட்டுக்கு வந்து சூட்கேசைக் கீழே இறக்கினேன். மனைவி பார்த்தாள். பார்த்துவிட்டு மகளின் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள், துவைத்து மடித்த குழுச் சட்டையை அவர் மேசையில் நானாகவே வைத்தேன். அவர் கேட்டுக் கொடுக்கும் அவமானமாவது இல்லாமல் போகட்டும். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாய் நிறையத் திட்டினார். பருவம் முடியும்வரை என்னை வைத்திருப்பதாகச் சொல்லத்தான் கூப்பிட்டாராம். புதியவன் முன்னால் பழைய ஆளை ஏசக்கூடாது என்று முதல்நாள் வாயைக் கட்டிக்கொண்டாராம். அந்தத் திட்டைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விழுந்தடித்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"காலமைதான் கார்டெரிக்குப் போய் இடம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அங்கையே நிண்ட இன்னொரு பிள்ளைக்குக் குடுத்திட்டினம்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்று கத்தினேன்.

"நீங்கள் சூட்கேசை இறக்கினால் நாங்கள் வெளிக்கிடுறதுதானே," என்றாள். "இவ்வளவு காலமும் ஒருக்காலும் நீங்கள் பிழைவிடேல்லை. உங்களை நம்பித்தான் சொன்னனான்."